திறந்த கதவும் ஒரு செய்திதான்

2025 ஜனவரி 8 இரவு, வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கன் வாங்குவதற்காகத் திருப்பதி பைராகிபட்டேடாவில் பெருங்கூட்டம் காத்துக் கிடந்தது. அதில் ஒரு பெண்ணுக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. அவரை வெளியே கொண்டுவரக் கதவைத் திறந்தார்கள். டோக்கனுக்கு ஆள் விட ஆரம்பித்துவிட்டார்கள் என்று எண்ணி மற்றவர்கள் கதவை நோக்கிப் பாய்ந்தார்கள். திருப்பதியில் அன்றிரவு ஆறு பேர் இறந்தார்கள். இம்மாதிரிச் சாவுகளுக்குப் பிறகு வழக்கமாக வரும் பேச்சு இதற்கும் வந்தது: பக்தர்கள் பொறுமை இழந்தார்கள், முண்டியடித்தார்கள், கட்டுப்பாடில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தின் இடத்திலிருந்து யோசித்தால் கதை வேறு. பல மணி நேரமாக அவர்கள் எதிர்பார்த்திருந்த அடையாளம் ஒன்றே ஒன்றுதான்: கதவு திறப்பது. கதவு திறந்தது. திறந்தவர் மனத்தில் இருந்த காரணம் பத்தடி தள்ளி நின்றவருக்குத் தெரிய வழியில்லை, யாரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. நோயாளியை ஏற்றிச் செல்லத் திறந்த கதவு, கூட்டத்திடம் 'வரலாம்' என்று சொல்லிவிட்டது.

பெருங்கூட்டங்களைப் பற்றிய அறிவியலில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் தெளிவாகியிருக்கும் உண்மை இதற்குள் அடங்கியிருக்கிறது. கூட்டத்துக்குப் புத்தி கெட்டுப்போவதால் மனிதர்கள் சாவது அபூர்வம். கண்ணும் காதும் எட்டாத இடத்தில் நின்றுகொண்டு, கிடைத்த துப்பை வைத்து அவரவர் நியாயமான முடிவு எடுக்கிறார்கள். அந்த நியாயமான முடிவுகள் ஒன்றுசேர்ந்து ஆளைக் கொல்கின்றன. 1979 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 'தி ஹூ' இசைக்குழுவின் நிகழ்ச்சிக்கு வெளியே காத்திருந்த ரசிகர்கள், உள்ளே ஒலிச் சோதனை நடந்த சத்தத்தைக் கேட்டு நிகழ்ச்சியே தொடங்கிவிட்டதாக நினைத்தார்கள். 11 பேர் இறந்தார்கள். 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ அரங்கில், வெளியே சேர்ந்த நெருக்கடியைக் குறைக்க 2 மணி 52 நிமிடத்துக்கு ஒரு பெரிய வாயிலைத் திறந்தார்கள். உள்ளே நுழைந்தவர்களுக்கு நேர் எதிரே ஒரு சுரங்கப் பாதை தெரிந்தது. அது ஏற்கனவே நிரம்பி வழிந்த நடுக் கூண்டுகளுக்குப் போகும் பாதை. பக்கவாட்டுக் கூண்டுகளில் இடம் இருந்தது. அப்படிப் போங்கள் என்று திருப்பிவிட ஒருவரும் இல்லை. அந்த விபத்து கடைசியில் 97 உயிர்களைக் கொண்டுபோயிற்று. வாயிலைத் திறந்தவர்களும் சரி, ஒலியைச் சோதித்தவர்களும் சரி, தாம் கூட்டத்தோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்கவே இல்லை. நெருக்கடிக் காலத் தகவல் தொடர்பு என்றதும் மைக்கும் அறிக்கையும் செய்தியாளர் சந்திப்பும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. கூட்டத்துக்குள் நிற்பவருக்கோ திறக்கும் கதவு, நின்றுபோகும் மேளம், அணையும் விளக்கு, ஊடே புகும் ஆம்புலன்ஸ் எல்லாமே அறிவிப்புதான்.

இதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் இயற்பியல் வேண்டும். அஞ்சடி நடைபாதையில் சுண்ணக்கட்டியால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் ஒன்று போட்டுப் பாருங்கள். அதில் இரண்டு பேர் நின்றால் கை வீசலாம். நான்கு பேர் நின்றால் தோள் உரசும், ஆனாலும் திரும்ப முடியும். ஆறு ஏழு பேர் ஆகிவிட்டால் கையை மேலே தூக்கக்கூட இடம் போதாது. அதன்பின் நம் காலடியை நாம் தீர்மானிப்பதில்லை. நியூயார்க் துறைமுக நிர்வாகத்தில் பணிபுரிந்த பொறியாளர் ஜான் ஃப்ரூயின், சதுர மீட்டருக்கு ஏழு பேர் சேர்ந்தால் கூட்டம் ஏறக்குறைய ஒரு திரவம்போல் ஆகிவிடும் என்று எழுதினார். 2006 ஜனவரி 12 அன்று மெக்காவை அடுத்த மினாவின் ஜமராத் பாலத்தருகே 346 ஹஜ் பயணிகள் இறந்தபோது எடுக்கப்பட்ட காணொளியை இயற்பியலாளர் டிர்க் ஹெல்பிங் குழுவினர் ஆராய்ந்தார்கள். சீராகப் போன நடை முதலில் நின்று நின்று நகரும் அலையாகிறது. பிறகு எந்தப் பக்கம் என்றில்லாமல் ஆட்களைத் தூக்கி எறியும் கொந்தளிப்பாகிறது. ஸ்பெயினின் பாம்ப்லோனா நகரில் எருதோட்டத் திருவிழா தொடங்கும் சதுக்கத்தைப் படம்பிடித்த பிரெஞ்சு, ஸ்பானிய இயற்பியலாளர்கள் 2025இல் இன்னொன்றைக் காட்டினார்கள். ஒரு குறிப்பிட்ட அடர்த்தியைத் தாண்டியதும் நூற்றுக்கணக்கானோர் ஒன்றாகச் சுமார் 18 நொடிக்கு ஒரு சுற்று என வட்டமடிக்கிறார்கள். யாரும் திட்டமிட்டுச் சுற்றவில்லை.

இந்த இடத்தில் நம் மொழியைப் பாராட்ட வேண்டும். ஆங்கிலத்தில் இதை 'ஸ்டாம்பீட்' என்கிறார்கள். மாட்டு மந்தை வெருண்டோடுவதைக் குறித்த சொல் அது. மலாய் நாளேடுகள் எழுதும் 'ரெம்புஹான்' என்பதிலும் முட்டி மோதிப் பாய்வது என்ற பொருள்தான் இருக்கிறது. தமிழில் மட்டும் 'நெரிசல்'. கழுத்தை நெரிப்பது என்கிறோமே, அந்த நெரி. உடற்கூறு சொல்வதும் அதையேதான்: இறப்பவர்களில் மிகப் பலர் மிதிபட்டுச் சாவதில்லை. மார்புக்கூடு விரிய இடமில்லாமல் நின்ற நிலையிலேயே மூச்சு முட்டிப் போகிறார்கள். ஓடுவதற்கு இடம் இருந்திருந்தால் அவர்களில் பலர் பிழைத்திருப்பார்கள்.

நெரிசலில் விசையும் சொல்லும் ஒரே வேகத்தில் பயணம் செய்வதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. பின்வரிசையில் ஒருவர் அரையடி முன்னே நகர்கிறார். அந்தத் தள்ளல் உடம்பிலிருந்து உடம்புக்குத் தாவி, நொடிகளில் முன்வரிசையைச் சேர்கிறது, வழியில் மற்றவர்களின் தள்ளலையும் சேர்த்துக்கொண்டு. முன்வரிசையில் ஒருவர் 'மூச்சு விட முடியவில்லை' என்று கத்துகிறார். அந்தக் குரல் நாலு தலை தாண்டுவதற்குள் கரைந்துவிடுகிறது. பின்னால் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகு மட்டுமே. அந்த முதுகு கொஞ்சம் விலகினால் வரிசை நகர்கிறது என்றுதான் அர்த்தம். ஃப்ரூயின் கூட்ட விபத்துகளின் காரணங்களை விசை, தகவல், இடம், நேரம் என்று நான்காகப் பிரித்தார். மற்ற மூன்றையும் முன்கூட்டியே அறிந்து மாற்றுவதற்கு நம் கையில் இருப்பது இரண்டாவதாக அவர் சொன்ன தகவல்தான் என்பது என் துணிபு.

மலேசியாவில் ஜொகூரின் பண்டார் தெங்காரா போன்ற ஓர் ஊரில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. செம்பனைக்கு நடுவே 1970களின் வட்டார மேம்பாட்டுத் திட்டத்தில் உருவான சிற்றூர் அது. சிறு கோவில் திருவிழாவில் யாராவது மயங்கி விழுந்தால் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று கடைசி ஆள் வரை தெரிந்துவிடும். அங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் போய்ப் பத்துமலையில் இறங்கும்போது நிலைமை வேறு. தைப்பூசத்தன்று பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கூடும் இடம். 272 படிகள் ஏறிக் குகைக்குள் போக வேண்டும், அதே பக்கமாக இறங்கவும் வேண்டும். காவடி தூக்குபவர், பால்குடம் ஏந்தியவர், கைக்குழந்தையை மஞ்சள் துணித் தொட்டிலில் கரும்பில் கட்டிச் சுமப்பவர்கள், படம் எடுக்கும் வெளிநாட்டார், தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்க நிற்பவர் என்று வேகமும் நோக்கமும் ஒத்துப்போகாத மனிதர்கள் ஒரே தடத்தில் இருக்கிறார்கள். அலகு குத்திய காவடிக்காரர் நடுப்படியில் நின்று ஆடினால் பின்னால் உள்ளவர்கள் நிற்கத்தான் வேண்டும், ஏன் நிற்கிறோம் என்று தெரியாமலே. 1892 முதல் இங்கே தைப்பூசம் நடந்துவருகிறது. தொண்டர்களும் போலீசும் ரேலா தன்னார்வப் படையினரும் படிகளில் ஏற்ற இறக்கத்தைப் பிரித்து ஒழுங்குபடுத்துவதில் இத்தனை ஆண்டு அனுபவம் தெரிகிறது. ஆனால் ஒலிபெருக்கியில் வரும் பேச்சு மட்டும் தமிழ் உலகம் எங்கும் இன்னும் பழைய பாணியிலேயே இருக்கிறது.

அந்தப் பாணியைச் சற்றுக் கிட்டத்தில் பார்ப்போம். எந்தக் கோவில் திருவிழாவிலும் மைக் காலையில் திறந்தால் இரவுவரை ஓய்வதில்லை. உபயதாரர் பெயர்கள், அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தவர், வழிமறித்து நிற்கும் காரின் எண், காணாமல் போன சிறுவன், நடுவே பக்திப் பாடல். காணாமல் போனவரை அறிவிப்பதை நான் குறை சொல்லவில்லை. அலகாபாத் மாக மேளாவில் 1946இல் ஒரு தனிமனிதர் தொடங்கிய 'வழிதவறியோர் முகாம்' எத்தனையோ குடும்பங்களைச் சேர்த்துவைத்தது. ஆனால் பத்து மணி நேரம் ஓயாமல் ஒலிக்கும் குரலைக் காது பின்னணிச் சத்தமாக ஒதுக்கிவிடும். பதினோராவது மணி நேரத்தில் அதே குரல், அதே ராகத்தில், 'பக்த கோடிப் பெருமக்களே, ஒருவரை ஒருவர் தள்ளாமல் அமைதி காக்கும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்' என்றால் யார் காதில் ஏறும்? ஏறினாலும் என்ன பயன் என்று கேட்க வேண்டும். ஒலிபெருக்கிப் பெட்டிகள் பெரும்பாலும் மேடையையோ சந்நிதியையோ ஒட்டியே கட்டப்பட்டிருக்கும். ஆகவே 'தள்ளாதீர்கள்' என்ற வேண்டுகோளைத் தெளிவாகக் கேட்பவர்கள் முன்வரிசைக்காரர்கள். அவர்கள் தள்ளப்படுகிறவர்கள். தள்ளுகிறவர்கள் இருநூறு அடிக்கு அப்பால், தாம் தள்ளுவதே தெரியாமல் நிற்கிறார்கள். மருந்தை ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டு, நோயாளி சொல்பேச்சுக் கேட்கவில்லை என்று கோபிப்பதைப் போன்றது இது.

பத்துமலையில் பயன் தரும் அறிவிப்பு எப்படி இருக்கும்? 'மேலே ஏறுவதை நிறுத்தியிருக்கிறோம். குகைவாசலில் வழி அடைபட்டிருக்கிறது. நுழைவு வளைவுக்கு வெளியே நிற்பவர்கள் திரும்பி ரயில் நிலையத்துப் பக்கம் நடங்கள். பத்து நிமிடத்தில் மறுபடி சொல்கிறோம்.' அலங்காரம் எதுவும் கிடையாது. என்ன நடந்தது, ஏன், யார் என்ன செய்ய வேண்டும், அடுத்த செய்தி எப்போது என்ற நான்கும் இருக்கின்றன. செய் என்பது இருக்கிறதே தவிர செய்யாதே என்பது இல்லை. 'எல்லாரும்' என்று பொதுவாகச் சொல்லாமல் எந்த இடத்தில் நிற்பவர் என்று சொல்கிறது. கடைசி வாக்கியம் சாதாரணமாகத் தோன்றினாலும் அதன் வேலை பெரிது: பத்து நிமிடத்தில் செய்தி வரும் என்று நம்புகிறவர் அந்தப் பத்து நிமிடமும் வதந்திக்குக் காது கொடுக்கமாட்டார். சொன்னபடி பத்தாவது நிமிடம் பேசாவிட்டால் மறுமுறை யாரும் நம்பவும்மாட்டார்கள். தைப்பூசக் கூட்டத்தில் இதைத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லியாக வேண்டும். மூன்று மொழியிலும் முன்கூட்டியே எழுதி, குரல் கொடுப்பவர் கையில் தாளாக இருக்க வேண்டும். நெருக்கடியில் வாயில் வருவதைப் பேசவிட்டால் 'பணிவன்புடன்'தான் வரும். பேசுவதற்கு முன் பக்கத்து உறுமி மேளத்தையும் பாட்டையும் நிறுத்த வேண்டும். மேளம் நின்றால் தலைகள் தாமே நிமிரும். நிமிர்ந்த தலைகளுக்கு அடுத்த சில நொடிகளில் குரல் கிடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் நின்ற மேளமே ஏதோ ஆகிவிட்டது என்ற செய்தியைப் பரப்பிவிடும்.

உண்மையைச் சொன்னால் கூட்டம் பீதியடையும், ஆகவே மறைப்பதே பத்திரம் என்பது அமைப்பாளர்களிடமும் அதிகாரிகளிடமும் ஊறிப்போன எண்ணம். ஆய்வுகள் இதற்கு இடம் கொடுக்கவில்லை. 1991இல் ஆய்வாளர்கள் கிலேன் ப்ரூ, ஜானதன் சைம் இருவரும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரச் சுரங்க ரயில் நிலையமொன்றில் நடத்திய வெளியேற்றச் சோதனைகளின் முடிவை வெளியிட்டார்கள். அபாய மணி மட்டும் அடித்தபோது மக்கள் ரயிலுக்குக் காத்திருந்தபடி அங்கேயே நின்றார்கள். என்ன நடந்திருக்கிறது, எந்த வழியாகப் போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் விவரமாகச் சொன்னபோது விரைவாகவும் ஒழுங்காகவும் வெளியேறினார்கள். ஆபத்து நேரத்தில் மனிதர்களைக் கொல்வது அவசரத்தைவிடத் தாமதம்தான் என்று சைம் பல ஆண்டுகள் வாதாடினார். பீதி வரும் என்று பயந்து எச்சரிக்கையைத் தள்ளிப்போடுவதால் கடைசியில் ஓட நேரமில்லாமல் போகிறது, பார்ப்பவர்கள் அதைப் பீதி என்று எழுதுகிறார்கள். 2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்புகளில் உயிர் தப்பியவர்களிடம் உளவியலாளர் ஜான் ட்ரூரி குழுவினர் கேட்டறிந்ததும் இதற்கு இசைவானது. புகை சூழ்ந்த இருட்டுப் பெட்டிகளில் முன்பின் அறியாதவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்தார்கள், தண்ணீர் பகிர்ந்தார்கள், வரிசையாக வெளியேறினார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது, அதை ஒதுக்கிவிட முடியாது. 2005 ஆகஸ்ட் 31 அன்று பாக்தாதில் டைக்ரிஸ் ஆற்றுப் பாலத்தில் யாத்ரிகர்கள் நடுவே தற்கொலைப் படையாள் இருப்பதாக ஒரு வார்த்தை பரவி, 900க்கும் மேற்பட்டோர் நெரிசலிலும் ஆற்றில் விழுந்தும் இறந்தார்கள். 2017 செப்டம்பர் 29 அன்று மும்பை எல்ஃபின்ஸ்டன் சாலை நிலையத்தின் நடைபாலத்தில் 23 பேர் இறந்தார்கள். பூக்காரர் ஒருவரின் பூ விழுந்துவிட்டது என்று யாரோ கத்தியது, பாலம் விழுந்துவிட்டது என்று காதில் விழுந்ததாக உயிர் தப்பியவர் ஒருவர் சொன்னது அப்போது செய்தியாயிற்று. இந்தியில் 'பூல்' என்றால் பூ, 'புல்' என்றால் பாலம். ஒரு நெடில் குறிலானது. சொல்லே கொல்லும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும், வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லதில்லையா என்று கேட்கலாம். ஆனால் இரண்டு இடத்திலும் அதிகாரப்பூர்வக் குரல் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பாக்தாதில் அன்று காலைதான் யாத்திரைத் தலத்துப் பகுதியில் குண்டு வீச்சு நடந்திருந்தது. அந்த வார்த்தையை நம்பியவர்களை முட்டாள்கள் என்று சொல்ல முடியாது. மும்பையில் மழைக்கு ஒதுங்கிய கூட்டம் இறங்கவும் வழியில்லாமல் குறுகிய படிக்கட்டில் அடைந்து நின்றது. ஏன் நகரவில்லை என்று சொல்ல ஆளில்லை. அமைப்பாளர் மௌனமாக இருந்தால் கூட்டமும் மௌனமாக இருக்கும் என்பது நடவாத காரியம். யாராவது ஏதாவது சொல்வார்கள். முதலில் வந்து சேரும் குரல் யாருடையது என்பதைத்தான் நாம் தேர்ந்துகொள்ள முடியும்.

இதுவரை மேலிருந்து கீழே போகும் செய்தியைப் பேசினோம். கீழிருந்து மேலே வரும் செய்தி அதைவிட முக்கியம் என்று தென்கொரியா காட்டியது. 2022 அக்டோபர் 29 அன்று சோல் நகரின் இடேவானில், மூன்று மீட்டர் சொச்சம் அகலமுள்ள ஒரு சரிவான சந்தில் ஏற்பட்ட நெரிசல் 159 உயிர்களைக் கொண்டுபோயிற்று. நெரிசல் முற்றியது இரவு 10.15 மணியளவில். நெருக்கம் ஆபத்தாக இருக்கிறது, ஆள் சாகும் போலிருக்கிறது, வந்து ஒழுங்குபடுத்துங்கள் என்று போலீசுக்கு முதல் தொலைபேசி அழைப்பு வந்தது மாலை 6.34க்கு. அதற்குப் பின்னும் தொடர்ந்து வந்து, மொத்தம் 11 அழைப்புகள். அவற்றின் எழுத்துப்படியைக் கொரியப் போலீசே பின்னர் வெளியிட்டது. கூட்டத்துக்குள் நின்ற சாதாரண மனிதர்கள் எந்தக் கேமராவும் காட்டுவதற்கு முன்பே ஆபத்தைக் கண்டுகொண்டார்கள். அதைச் சொல்லவும் செய்தார்கள். அந்த அழைப்புகளை ஒன்றோடொன்று கோத்து, ஒரே சந்தைப் பற்றித்தான் இத்தனை பேரும் பேசுகிறார்கள் என்று கண்டு, சந்தின் இரு முனையையும் மூடச் சொல்லும் அதிகாரமுள்ள ஒருவர் மறுமுனையில் இல்லை. ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி நேரம் கையில் இருந்தது. மலேசியாவில் 999ஐ அழைத்தாலும் தமிழ்நாட்டில் 112ஐ அழைத்தாலும் எடுப்பவர் திருவிழாத் திடலில் இருப்பதில்லை. திடலிலேயே ஒரு எண், அதை எடுக்கும் ஆளுக்குப் பக்கத்திலேயே வாயிலை மூடச் சொல்லக்கூடியவர் என்று இருந்தால்தான் இந்தக் கீழ்-மேல் பாதை வேலை செய்யும்.

கைத்தொலைபேசிகள் வந்துவிட்டனவே, ஆளுக்கொரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதாதா என்பவர்களுக்கு ஒரு வரி: லட்சக்கணக்கானோர் சேரும் இடத்தில் முதலில் திணறுவது அலைக்கற்றைதான். இரண்டு கையும் விலாவோடு ஒட்டி நிற்பவரால் சட்டைப் பையிலிருந்து எதையும் எடுக்கவும் முடியாது. கூட்டம் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன், பேருந்தில் இருக்கும்போது, அந்தக் கருவி அருமையானது. அங்கே அனுப்புங்கள்.

பக்தி வந்துவிட்டால் யார் சொல்வதையும் கேட்கமாட்டார்கள் என்ற பேச்சும் உண்டு. ஹஜ் பயணிகள் 1,194 பேரிடம் அல்நபுல்சியும் ட்ரூரியும் எடுத்து 2014இல் வெளியிட்ட கணிப்பு இதைப் பற்றி யோசிக்க வைக்கிறது. கூட்டத்தோடு தம்மை ஒன்றாக உணர்ந்தவர்களுக்கு நெருக்கம் கூடக் கூடப் பாதுகாப்பு உணர்வும் கூடியது. அப்படி உணராதவர்களுக்கு அது குறைந்தது. பக்தர் கூட்டம் மூர்க்கமானது என்பதற்கு நேர்மாறாக, அது தன்னைச் சேர்ந்தவர்களை நம்பும் கூட்டம் என்பது இதனால் தெரிகிறது. இதில் ஒரு கத்தியும் ஒளிந்திருக்கிறது: ஆபத்தான நெருக்கத்திலும் பாதுகாப்பாக உணர்பவர் தாமாக விலகி வரமாட்டார். சொல்லித்தான் வரவைக்க வேண்டும். சொல்பவர் அவர்களில் ஒருவராகத் தெரிய வேண்டும். சீருடைக்காரர் மெகாபோனில் அதட்டுவதைவிட, வேட்டி கட்டி நெற்றியில் திருநீறு பூசிய தொண்டர் 'அண்ணே, ரெண்டு படி கீழே இறங்குங்க, மேலே ஒரு அம்மாவுக்கு மயக்கம்' என்று சொன்னால் வழி விடுவார்கள். காரணத்தோடு வரும் வேண்டுகோளை அந்நியக் கட்டளையாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

இத்தனை சொன்ன பிறகு, எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 1988 ஜூலை 31 அன்று பட்டர்வொர்த்தின் சுல்தான் அப்துல் ஹலிம் படகுத்துறை முனையம் இடிந்து 32 பேர் இறந்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். பினாங்குத் தீவின் கெக் லோக் சி கோவில் விழாவும் புக்கிட் மெர்தாஜாமின் புனித அன்னாள் திருவிழாவும் ஒரே சமயத்தில் வந்து மக்களை அங்கே குவித்திருந்தன. பளு தாங்காத தளத்தை எந்த இனிய குரலும் தாங்கிப் பிடிக்காது. இடம் போதாது என்றால் இடம்தான் வேண்டும். வார்த்தையை இடத்துக்குப் பதிலாகக் கொடுப்பது மோசடி. ஆனால் அந்த விபத்திலும் தகவலுக்கு ஒரு வேலை இருந்திருக்கும்: எத்தனை பேர் மேலே இருக்கிறார்கள் என்று எண்ணுவது, எண்ணிக்கை எல்லையைத் தொடும் முன் சாலையிலேயே பேருந்துகளை நிறுத்தி அடுத்த படகுக்கு இத்தனை நேரமாகும் என்று சொல்வது. கதவருகே கூட்டம் சேர்ந்த பிறகு செய்யக்கூடியது மிகவும் கொஞ்சம். ஐந்து கிலோமீட்டர் முன்னால் செய்யக்கூடியது ஏராளம். சபரிமலைக்கு நாளும் நேரமும் குறித்து முன்பதிவு செய்யும் இணைய வரிசை வந்ததன் பொருளும் இதுதான்: மலையடிவாரத்தில் சொல்ல வேண்டியதை வீட்டுத் திண்ணையிலேயே சொல்லிவிடுவது.

விபத்துக்குப் பிறகான பேச்சும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஹில்ஸ்பரோவில் ரசிகர்கள்தான் வாயிலை உடைத்துக்கொண்டு வந்தார்கள் என்று பொறுப்பிலிருந்த காவல் அதிகாரி அன்றே சொன்னார். அது பொய் என்று அவர் ஒப்புக்கொண்டது 2015இல். 2025 பிப்ரவரி 15 இரவு புதுதில்லி ரயில் நிலையத்தில் 18 பேர் இறந்ததற்கு, ஒரே மாதிரிப் பெயர் கொண்ட இரண்டு பிரயாக்ராஜ் ரயில்களின் அறிவிப்பால் வந்த குழப்பம் என்று போலீஸ் தரப்பில் முதலில் சொல்லப்பட்டது. படியில் தலைச்சுமை ஒன்று விழுந்ததே காரணம் என்று ரயில்வே பின்னர் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுச்சாமிபுரத்தில் பிற்பகலெல்லாம் காத்திருந்த அரசியல் கூட்டத்தில் 41 பேர் இறந்தபின், யார் குற்றம் என்ற வாதம் அடுத்த நாளே தொடங்கிவிட்டது. விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது உச்ச நீதிமன்றம். குற்றம் யாருடையது என்பதை விசாரணை சொல்லட்டும். தலைவர் எப்போது வருவார், எத்தனை மணி தாமதம், குடிநீர் எங்கே, குழந்தையோடு வந்தவர் எந்த வழியாக வெளியேறலாம் என்ற நான்கு விவரத்தையும் மணிக்கொரு முறை கடைசி வரிசைக்கும் சொல்லும் ஏற்பாடு, தமிழ்நாட்டு அரசியல் கூட்டங்களில் எந்தக் கட்சிக்கும் வழக்கமாக இல்லை என்பதைச் சொல்ல விசாரணை தேவையில்லை.

பத்து லட்சம் பேர் கூடும் இடத்துக்குத்தான் இதெல்லாம், நம் ஊருக்கு எதற்கு என்று பண்டார் தெங்காரா போன்ற ஊர்களின் ஆலய நிர்வாகிகள் நினைத்தால் அது பிசகு. மொத்த எண்ணிக்கை ஆளைக் கொல்வதில்லை. அந்த ஒரு சதுர மீட்டரில் எத்தனை பேர் என்பதே கணக்கு. 2020 ஜனவரியில் கோலாலம்பூர் புடுவில் சீனப் புத்தாண்டுக்கு இலவசப் பற்றுச்சீட்டு வாங்க வந்த முதியோர் கூட்டத்தில் இரண்டு மூதாட்டிகள் இறந்தார்கள். அது ஒரு பள்ளித் திடலுக்குள் அடங்கிவிடக்கூடிய கூட்டம். அன்னதான வரிசையும் பரிசளிப்பு மேடையும் ஒற்றை வாசல் மண்டபமும் எல்லா ஊரிலும் உண்டு. ஆகவே அடுத்த திருவிழாவுக்கு ஒலிபெருக்கிக்குச் சொல்லும்போது, இரண்டு பெட்டிகளை வாசலுக்கு வெளியே, வரிசையின் வால் நிற்கும் இடத்தில் கட்டச் சொல்லுங்கள். மைக் பிடிப்பவர் கையில் எழுதிய தாள் ஒன்றைக் கொடுங்கள். கதவுக்குப் பக்கத்தில் நிற்கும் தொண்டரிடம், எதற்காகத் திறந்தாலும் திறப்பதற்கு முன் வாய்விட்டுக் காரணத்தைச் சொல்லிவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள்.